ஹெட்செட் சண்டையும் அதற்குப் பின்னால் நடக்கும் கடைச் சண்டையும்



எங்கள் டிபார்ட்மெண்ட் லேபில் ஒரு இரும்பு பீரோ உண்டு. அதன் மேல் தட்டில், உடைந்த கீபோர்டுகளுக்கும் பழைய ரெக்கார்டு நோட்டுகளுக்கும் நடுவில் ஒரு வி.ஆர். ஹெட்செட் கிடக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் ஹெட்செட்தான். சார்ஜ் போட்டால் உயிர் வரும். லென்ஸில் ஒரு கீறல் கூடக் கிடையாது. ஆனாலும் அதை யாரும் தொடுவதில்லை.

காரணம் இதுதான். மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு சீனியர் பேட்ச், பைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காக வகுப்பில் எல்லோரிடமும் வசூல் செய்து அதை வாங்கினார்கள். கூடவே மனித உடலுக்குள் இருப்பதைச் சுற்றிக் காட்டும் ஒரு மென்பொருள், இரண்டு மூன்று கேம் (ப்ராஜெக்ட்டுக்குத்தான், நம்புங்கள் :-) ) எல்லாவற்றையும் அந்தக் கம்பெனியின் ஸ்டோரிலேயே காசு கொடுத்து வாங்கினார்கள். கணக்கு ஒரு அண்ணன் பெயரில். அவர் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டார். போன வருடம் ஏதோ கோளாறு என்று எங்களில் ஒருவன் ஹெட்செட்டை ரீசெட் செய்தான். அவ்வளவுதான், வாங்கியதெல்லாம் காணாமல் போனது. அண்ணனைத் தேடிப் பிடித்துக் கேட்டால், அவர் பதிவு செய்தது காலேஜ் கொடுத்த ஈமெயில் முகவரியில். படிப்பு முடிந்ததும் அதை மூடிவிட்டார்களாம். கம்பெனிக்கு எழுதினோம். வாங்கியவை அந்தக் கணக்குக்கு உரியவை, வேறு கணக்குக்கு மாற்ற முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. அது இங்கே முக்கியமும் இல்லை. ஹெட்செட் இருக்கிறது. ரசீது இருக்கிறது. பணம் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். வாங்கிய பொருள் மட்டும் இல்லை. இது எப்படி என்று தேடிப் படிக்க ஆரம்பித்ததில்தான் இந்தக் கட்டுரை.

தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வி.ஆர். கம்பெனிகளுக்குள் நடப்பது யார் நல்ல ஹெட்செட் செய்கிறார்கள் என்ற போட்டி என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் நடப்பது, அந்த ஹெட்செட்டுக்குள் இருக்கும் கடை யாருடையது என்ற போட்டி. முதல் போட்டியில் நமக்கு லாபம் உண்டு. இரண்டாவது போட்டியில் பெரும்பாலும் நாம்தான் பந்தயப் பணம்.

கதை ஆரம்பித்த இடம்

ஹெட்செட் என்றதும் காதில் மாட்டுவதை நினைக்காதீர்கள். இது கண்ணை மூடி மாட்டிக்கொள்வது. உள்ளே இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம். தலையைத் திருப்பினால் படமும் திரும்பும். அதனால் நாம் வேறொரு இடத்தில் நிற்பது போலவே மூளை நம்பிவிடும். இதற்குத் தமிழில் மெய்நிகர் உலகம் என்று அழகான பெயர் இருக்கிறது. ஆனால் லேபில் எல்லோரும் வி.ஆர். என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

2012-ல் பால்மர் லக்கி என்ற அமெரிக்க இளைஞர், ஆக்குலஸ் ரிஃப்ட் என்ற ஹெட்செட்டுக்காக கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் இரண்டரை லட்சம் டாலர் கேட்டார். வந்தது சுமார் 24 லட்சம் டாலர். இரண்டே வருடத்தில், 2014 மார்ச்சில், ஃபேஸ்புக் அந்தக் கம்பெனியைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஆரம்பத்தில் பணம் போட்டவர்களில் பலர் கொதித்துப் போனார்கள். நாங்கள் பணம் கொடுத்தது ஒரு கண்டுபிடிப்புக்கு, ஃபேஸ்புக்குக்கு அல்ல என்பது அவர்கள் கோபம்.

2016-ல் மூன்று ஹெட்செட்கள் சந்தைக்கு வந்தன. மார்ச்சில் ஆக்குலஸ் ரிஃப்ட், 599 டாலர். ஏப்ரலில் எச்.டி.சி. வைவ், 799 டாலர். அக்டோபரில் சோனியின் பிளேஸ்டேஷன் வி.ஆர்., 399 டாலர். மூன்றுக்கும் மூன்று கடை. ரிஃப்ட்டுக்கு ஆக்குலஸ் ஸ்டோர். வைவ் ஹெட்செட்டுக்கு வால்வ் கம்பெனியின் ஸ்டீம் (எச்.டி.சி. தனியாக வைவ்போர்ட் என்று ஒன்றும் திறந்தது). சோனிக்கு பிளேஸ்டேஷன் ஸ்டோர்.

முதல் அடிதடி உடனே ஆரம்பித்தது. ஆக்குலஸ் தன் பணத்தைப் போட்டுச் சில கேம்களைத் தயாரிக்க வைத்து, அவற்றைத் தன் ஸ்டோரில் மட்டும் விற்றது. வைவ் வாங்கியவர்களுக்கு அவை கிடையாது. அப்போது ரிவைவ் என்ற இலவச மென்பொருள் ஒன்று வந்தது. ஆக்குலஸ் கேமை வைவ் ஹெட்செட்டில் ஓட வைப்பது அதன் வேலை. கவனியுங்கள், இது திருட்டு இல்லை. கேமை ஆக்குலஸ் ஸ்டோரில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், மாட்டிக்கொள்ளும் ஹெட்செட் மட்டும் வேறு. காசு கொடுத்து வாங்கியவர் அந்தக் கேமை எதில் ஓட வைத்தாலும் எங்களுக்குக் கவலையில்லை என்ற பொருளில் பால்மர் லக்கியே அதற்கு முன் எழுதியிருந்தார்.

ஆனால் 2016 மே மாதம் வந்த அப்டேட்டில், ரிஃப்ட் ஹெட்செட் மாட்டியிருக்கிறதா என்று கேம் சோதிக்க ஆரம்பித்தது. இல்லையென்றால் ஓடாது. ரிவைவ் எழுதியவர் சும்மா இருப்பாரா? ஹெட்செட் சோதனை மட்டும் இல்லாமல், காசு கொடுத்து வாங்கினாரா என்ற சோதனையையே தாண்டும்படி மாற்றிவிட்டார். பூட்டைப் போட்டதால் திருட்டுக்கு வழி திறந்த கதை. இணையம் முழுக்கத் திட்டு. ஜூன் மாதமே ஆக்குலஸ் அந்த ஹெட்செட் சோதனையை எடுத்துவிட்டது.

இந்தச் சின்னச் சம்பவத்தில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. கேமையும் விற்றாகிவிட்டது, காசும் வந்துவிட்டது. பிறகு அதை எதில் மாட்டி விளையாடினால் என்ன? ஏன் இவ்வளவு பதற்றம்?

பிரிண்டர் மலிவு, மை விலை அதிகம்

வீட்டில் இங்க்ஜெட் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். பிரிண்டரை மலிவாகக் கொடுப்பார்கள், மையில் வசூல் செய்வார்கள். கேபிள் டிவி செட்டாப் பாக்ஸும் அப்படித்தான். பாக்ஸ் மலிவு அல்லது இலவசம். ஆனால் ஒரு கம்பெனி பாக்ஸில் இன்னொரு கம்பெனி சேனலைப் பார்க்க முடியாது.

ஸ்டோர் வைத்திருப்பவருக்கு அங்கே விற்கும் ஒவ்வொன்றிலும் பொதுவாக 100-க்கு 30 பங்கு. ஆப்பிள், கூகுள், ஸ்டீம், ஆக்குலஸ் எல்லோரும் இந்த 30-ல்தான் ஆரம்பித்தார்கள். (பெரிய அளவில் விற்கும் கேம்களுக்கு ஸ்டீம் 2018-லிருந்து 25, 20 என்று குறைத்தது. அது பெரிய கம்பெனிகளைத் தக்கவைக்க. சின்னக் கம்பெனிகளுக்கு அதே 30.) ஹெட்செட்டை ஒரு தடவைதான் விற்க முடியும். ஸ்டோரில் தினமும் விற்கலாம். அதிலும் அடுத்தவன் ரிஸ்க் எடுத்து உழைத்துச் செய்ததில் பங்கு.

2020 அக்டோபரில் வந்த குவெஸ்ட் 2 விலை 299 டாலர். கம்ப்யூட்டரே தேவையில்லை, எல்லாம் அதற்குள்ளேயே. அந்த விலைக்கு அதைப் போன்ற ஒன்றை விற்க மற்றவர்கள் திணறினார்கள். ஏனென்றால் 2021-ல் மார்க் சக்கர்பெர்க்கே சொன்னார், எங்கள் ஹெட்செட்களை அடக்க விலைக்கோ அதற்கும் குறைவாகவோ கொடுக்கிறோம் என்று. இதை எல்லாம் செய்யும் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவின் கணக்கைப் பாருங்கள். 2021-ல் சுமார் 1,020 கோடி டாலர் நஷ்டம். 2022-ல் 1,370 கோடி. 2023-ல் 1,610 கோடி. 2024-ல் 1,770 கோடி. நான்கு வருடத்தில் 5,700 கோடி டாலருக்கு மேல்! (இதில் ஹெட்செட் விலைக்காக விட்டது ஒரு பகுதிதான். ஆராய்ச்சிச் செலவே பெரிது.) இவ்வளவு நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு ஒருவர் மலிவாகத் தருகிறார் என்றால், நம் மேல் உள்ள பாசத்தால் அல்ல. போன்களின் காலத்தில் ஆப்பிளும் கூகுளும் வாசலில் உட்கார்ந்து சுங்கம் வசூலித்ததை ஃபேஸ்புக் பார்த்துக்கொண்டே இருந்தது. அடுத்த காலத்தில் அந்த வாசல் தனக்கு வேண்டும் என்று நினைக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆப்பிள் வாங்கும் 30 சதவீதத்தைப் பல வருடம் திட்டியவர்கள் ஃபேஸ்புக்காரர்கள். 2021 அக்டோபரில் மெட்டா என்று பெயர் மாற்றிய அதே நிகழ்ச்சியில், முடிந்தவரை குறைந்த கட்டணமே வாங்குவோம் என்று பேசினார்கள். ஆறு மாதம் கழித்து, 2022 ஏப்ரலில், தங்கள் ஹொரைசன் வேர்ல்ட்ஸ் உலகத்துக்குள் பொருள் செய்து விற்பவர்களிடம் எவ்வளவு வாங்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். 100 ரூபாய்க்கு விற்றால், முதலில் ஸ்டோருக்கு 30. மீதி 70-ல் நான்கில் ஒரு பங்கு, அதாவது 17.50, ஹொரைசனுக்கு. மொத்தம் 47.50! செய்தவன் கைக்கு 52.50. ஆப்பிள் தரப்பே இதைச் சுட்டிக் காட்டிக் கிண்டலடித்தது. மருமகள் உடைத்தால் பொன்குடம், மாமியார் உடைத்தால் மண்குடம் என்பது சிலிக்கான் வேலிக்கும் பொருந்தும் போல.

கடைக்காரரே போட்டியாளரும் ஆனால்

கடைக்காரர் பங்கு வாங்குவதோடு நின்றாலும் பரவாயில்லை. யார் எதை விற்கலாம் என்பதையும் அவரே முடிவு செய்கிறார்.

வர்ச்சுவல் டெஸ்க்டாப் என்று ஒரு மென்பொருள். கை டாடின் என்ற ஒரே ஒரு ப்ரோகிராமர் எழுதியது... மன்னிக்கவும், கை கோடின் (பிரெஞ்சுப் பெயர், என் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது). 2019-ல் அதில் ஒரு வசதி சேர்த்தார். கம்ப்யூட்டரில் ஸ்டீமில் வாங்கிய வி.ஆர். கேமை, வயர் இல்லாமல் வை-ஃபை மூலமாகவே குவெஸ்ட் ஹெட்செட்டில் விளையாடலாம். வாங்கியவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஸ்டோரில் உன் மென்பொருள் இருக்க வேண்டுமென்றால் அந்த வசதியை எடு என்று ஆக்குலஸ் சொல்லிவிட்டது. எடுத்தார். வேறு வழியாக, சைட்குவெஸ்ட் என்ற வெளித் தளத்தின் மூலம் அந்த வசதியைக் கொடுத்து வந்தார். 2021 பிப்ரவரியில்தான் ஸ்டோரில் அனுமதி கிடைத்தது. இரண்டே மாதத்தில், ஏப்ரலில், ஃபேஸ்புக் அதே வேலையைச் செய்யும் ஏர் லிங்க் வசதியை இலவசமாக அறிவித்தது. எது எதற்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மைதானமும் அவருடையது, அம்பயரும் அவரே, பேட்டிங்கும் அவரே செய்கிறார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அடுத்தது கேம் கம்பெனிகளையே வாங்குவது. பீட் சேபர் என்ற கேமைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாட்டுக்கு ஏற்ப ஒளி வாளால் கட்டைகளை வெட்டும் விளையாட்டு. செக் நாட்டுக் குழு ஒன்று செய்தது. எல்லா ஹெட்செட்டிலும் ஓடியது. 2019 நவம்பரில் ஃபேஸ்புக் அந்தக் குழுவை வாங்கியது. 2025-ல் பிளேஸ்டேஷன் பதிப்புக்கு இனிமேல் புதுப் பாடல்களோ அப்டேட்டோ கிடையாது என்று அறிவிப்பு வந்தது. பிளேஸ்டேஷனில் காசு கொடுத்து வாங்கியவர்கள் ஏதாவது தப்பு செய்தார்களா? ஒன்றும் இல்லை.

எக்கோ வி.ஆர். கதை இன்னும் சோகம். புவியீர்ப்பே இல்லாத அரங்கில் மிதந்துகொண்டே ஆடும் குழு விளையாட்டு. அதற்கென்றே உயிரை விடும் ரசிகர்கள் இருந்தார்கள். அதைச் செய்த ரெடி அட் டான் கம்பெனியை ஃபேஸ்புக் 2020-ல் வாங்கியது. 2023 ஆகஸ்ட் 1-ஆம் தேதி சர்வரை அணைத்துவிட்டார்கள். 2024-ல் அந்தக் கம்பெனியையும் மூடினார்கள். 2026 ஜனவரியில் மேலும் சில ஸ்டுடியோக்களை மூடினார்கள், 2020-ல் வாங்கிய சன்சாரு உட்பட.

அரசாங்கம் பார்த்துக்கொண்டுதான் இருந்ததா? அமெரிக்காவின் எஃப்.டி.சி. அமைப்பு 2022 ஜூலையில் ஒரு வழக்குப் போட்டது. வி.ஆர். உடற்பயிற்சி மென்பொருள் செய்யும் விதின் கம்பெனியை மெட்டா வாங்கக் கூடாது என்று. 2023-ல் நீதிமன்றம் தடை தர மறுத்தது, விற்பனையும் முடிந்தது. ஜெர்மனியில் கொஞ்சம் வேறு மாதிரி. ஃபேஸ்புக் கணக்கு இல்லாமல் புது ஹெட்செட்டைப் பயன்படுத்த முடியாது என்று 2020-ல் வந்த விதியை எதிர்த்து அங்குள்ள போட்டி ஆணையம் அதே வருடம் டிசம்பரில் விசாரணை தொடங்கியது. 2022 ஆகஸ்டில் அந்தக் கட்டாயம் போய், தனி மெட்டா கணக்கு வந்தது. ஆக, கேட்கிற இடத்தில் கேட்டால் அசைவார்கள்!

மற்றவர்கள் மட்டும் என்ன?

மெட்டாவை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது நியாயம் இல்லை.

சோனி 2023 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் வி.ஆர். 2 விட்டது, 549.99 டாலர். முதல் வி.ஆர். ஹெட்செட்டுக்கு வாங்கிய கேம்கள் இதில் அப்படியே ஓடாது. தயாரித்தவர்கள் மறுபடி செய்து கொடுத்தால் உண்டு.

கூகுள் 2016-ல் டேட்ரீம் என்று ஆரம்பித்து 2019-ல் கை கழுவியது.

மைக்ரோசாப்ட் செய்ததுதான் எல்லாவற்றிலும் மோசம் என்பேன். 2017-ல் பல கம்பெனிகளைச் சேர்த்து விண்டோஸ் மிக்ஸட் ரியாலிட்டி ஹெட்செட்களை விற்க வைத்தது. 2023 டிசம்பரில், இனி இது கிடையாது என்று அறிவித்தது. 2024-ல் வந்த விண்டோஸ் 11 அப்டேட்டில் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டது. நல்ல லென்ஸ், நல்ல திரை உள்ள ஹெட்செட்கள் ஒரு அப்டேட்டில் பேப்பர் வெயிட் ஆகிவிட்டன. 2025-ல் மைக்ரோசாப்ட் ஊழியர் ஒருவரே, தனிப்பட்ட முறையில், அவற்றை ஸ்டீமில் மறுபடி ஓட வைக்கும் மென்பொருள் எழுதிக் கொடுத்தார். ஒரு மனிதர் செய்ய முடிந்ததை அவ்வளவு பெரிய கம்பெனி செய்யவில்லை.

ஆப்பிள் 2024 பிப்ரவரியில் விஷன் ப்ரோவை 3,499 டாலருக்கு அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தது. அதில் அதன் ஆப் ஸ்டோர்தான். நெட்ஃபிளிக்ஸ், யூட்யூப், ஸ்பாட்டிஃபை மூன்றும் அப்போது அதற்கென்று ஆப் தரவில்லை. ஸ்டோர்க்காரரிடம் பல வருடம் சுங்கம் கட்டியவர்கள் புது வாசலுக்கு ஓடி வருவார்களா என்ன?

சரி, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஃபேஸ்புக் அவ்வளவு பணத்தைக் கொட்டவில்லை என்றால் 299 டாலரில் ஹெட்செட் வந்திருக்காது. 2016-ல் ரிஃப்ட் 599, அதை ஓட்ட ஒரு நல்ல கம்ப்யூட்டர் தனி. அப்படியே போயிருந்தால் எங்கள் லேப் பீரோவுக்குள் ஒன்று வந்தே இருக்காது. பணம் போட்டவன் திரும்ப எடுக்கப் பார்ப்பது பாவமும் இல்லை. போட்டி இருந்ததால்தான் சில பூட்டுகள் திறந்தன. சைட்குவெஸ்ட் பக்கம் எல்லோரும் ஓடிய பிறகுதான், கெடுபிடி குறைந்த ஆப் லேப் வழியை 2021-ல் திறந்தார்கள். இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். நான் கேட்பது வேறு. மலிவாகக் கொடுத்ததற்காக, நான் காசு கொடுத்து வாங்கியதும் என்னுடையது இல்லை என்று ஆகிவிடுமா?

இப்போது எல்லோரும் திறந்த மனசுக்காரர்கள்

2024 ஏப்ரலில் மெட்டா, எங்கள் ஹொரைசன் ஓ.எஸ். மென்பொருளை மற்றவர்களும் ஹெட்செட் செய்யப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அசூஸ், லெனோவா பெயர்கள் வந்தன. கூகுள் தன் பிளே ஸ்டோரை இதற்குள் கொண்டு வந்தால் வரவேற்போம் என்றும் சொன்னது. கூகுள் வரவில்லை. 2024 டிசம்பரில் ஆண்ட்ராய்டு எக்ஸ்.ஆர். என்று தனக்கே ஒன்றை அறிவித்தது. 2025 அக்டோபரில் சாம்சங்கின் கேலக்ஸி எக்ஸ்.ஆர். 1,799 டாலருக்கு வந்தது, பிளே ஸ்டோரோடு. 2025 நவம்பரில் வால்வ் தன் ஸ்டீம் ஃபிரேமை அறிவித்தது, ஸ்டீம் கடையோடு. 2025 டிசம்பரில் மெட்டா, மற்ற கம்பெனிகள் ஹெட்செட் செய்யும் அந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்தது. திறந்த கதவுக்குப் பின்னால் எல்லோரும் தங்கள் கல்லாப் பெட்டியைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் நான் முக்கியமாக நினைக்கும் விஷயம் வருகிறது. தொழில்நுட்பத்தில் பார்த்தால் சுவர் ஏறக்குறைய இடிந்துவிட்டது. 2019 ஜூலையில் குரோனோஸ் என்ற அமைப்பு ஓபன் எக்ஸ்.ஆர். 1.0 என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. தலை எங்கே, கை எங்கே, படத்தை எப்படி அனுப்புவது என்பதற்கெல்லாம் ஒரே மொழி. மெட்டா, வால்வ், மைக்ரோசாப்ட் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். கூகுளின் ஆண்ட்ராய்டு எக்ஸ்.ஆரும் அதையே பேசுகிறது. ஒரு கேமை ஒரு ஹெட்செட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது முன்னைவிட எவ்வளவோ சுலபம்.

ஆக, ப்ளக் எல்லோருக்கும் ஒன்றாகிவிட்டது. ரசீதுதான் ஒன்றாகவில்லை. ஒரே கேமை குவெஸ்ட்டில் வாங்கினவர் நாளை சாம்சங் வாங்கினால் மறுபடியும் முழு விலை. இதற்கு எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை. முழுக்க வியாபாரக் காரணம்.

முடியாத ஒன்றையா கேட்கிறேன்? இல்லை. நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. செல்போன் கம்பெனியை மாற்றினால் நம்பரும் போய்விடும் என்ற காலம் ஒன்று இருந்தது. வீட்டில் அப்பா அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். நம்பர் போய்விடுமே என்ற ஒரே காரணத்துக்காக மோசமான சேவையைச் சகித்துக்கொண்டு இருந்தவர்கள் எத்தனை பேர்! 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம் என்று ஆனது. வானம் இடிந்து விழவில்லை. அமெரிக்காவில் 2017-ல் மூவீஸ் எனிவேர் என்று ஒன்று வந்தது. ஐடியூன்ஸில் வாங்கிய படத்தை அமேசானிலும் பார்க்கலாம். டிஸ்னி, சோனி, வார்னர் போன்ற பெரிய ஸ்டுடியோக்களே சேர்ந்து செய்தது. படத்துக்கு முடிகிறது என்றால் கேமுக்கு ஏன் முடியாது?

இன்னொரு உதாரணம் வி.ஆர். உலகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆக்குலஸ் கோ என்ற மலிவு ஹெட்செட்டின் விற்பனையை 2020-ல் நிறுத்தினார்கள். அங்கே ஆலோசகராக இருந்த ஜான் கார்மாக் விடாமல் வாதாடி, 2021 அக்டோபரில் அதைப் பூட்டில்லாமல் திறந்துவிடும் மென்பொருளை வெளியிட வைத்தார். இனி சர்வர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஹெட்செட் அதை வைத்திருப்பவருடையது. கைவிடும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது. இதைத்தான் நாகரிகம் என்று நான் சொல்வேன்.

என் கோரிக்கை

இந்த வருடம் எங்கள் டிபார்ட்மெண்ட்டில் புதிதாக இரண்டு ஹெட்செட் வாங்கப் பேச்சு நடக்கிறது. வகுப்பில் ஏற்கெனவே கோஷ்டிகள் கிளம்பியாகிவிட்டது. ஒருவன் மெட்டா, ஒருவன் ஆப்பிள் (காசு யார் தருவது என்று அவன் சொல்லவில்லை), ஒருவன் வால்வ். கிரிக்கெட் டீம் மாதிரி கம்பெனிகளுக்கு விசில் அடிக்கிறோம். அவர்கள் யாரும் நமக்கு விசில் அடிக்கப் போவதில்லை.

அதனால் வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேட்போம். ஒன்று, கணக்கு யார் பெயரில்? ஒரு மாணவன் பெயரில் கூடாது. டிபார்ட்மெண்ட் பெயரில், டிபார்ட்மெண்ட்டுக்கே உள்ள ஈமெயிலில். இரண்டு, இந்த மென்பொருளை நாளை வேறு ஹெட்செட்டில் ஓட்ட முடியுமா? லேபில் கம்ப்யூட்டர் இருப்பதால், அதில் பல ஹெட்செட்டுக்கும் ஓடுகிற பதிப்பை வாங்கினால் ஹெட்செட் மாறினாலும் பிழைக்கும். (ஸ்டீமும் ஒரு தனியார் கடைதான், அங்கே வாங்கியதும் கணக்கோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. மறக்க வேண்டாம்.) மூன்று, கம்பெனி கைவிட்டால் இது ஓடுமா? பதில் தெரியவில்லை என்றால், வாடகைக்கு எடுக்கிறோம் என்று நினைத்து அந்த அளவுக்கு மட்டும் பணம் கொடுப்போம்.

இரண்டு ஹெட்செட் வாங்கும் ஒரு டிபார்ட்மெண்ட் கேட்டால் அவர்கள் அசைய மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். 2016-ல் ஒரு இலவச மென்பொருளும் கொஞ்சம் கோபமும் சேர்ந்து ஒரே மாதத்தில் ஒரு பூட்டைத் திறந்ததையும் பார்த்தோம். கேட்காதவனுக்கு ஒன்றும் கிடைக்காது என்பது மட்டும் நிச்சயம்.

அந்தப் பீரோவில் கிடக்கும் ஹெட்செட்டை நேற்று எடுத்துத் துடைத்து சார்ஜ் போட்டேன். திரையில் இரண்டு வார்த்தை வந்தது, கணக்கை உள்ளிடவும் என்று. நாற்பது பேர் காசு போட்டு வாங்கியது. நான் அணைத்துவிட்டு மறுபடி மேல் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

நான் சொன்னதில் தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் காலேஜ் லேபிலும் இப்படி ஏதாவது பீரோ இருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.